‘ஹல்லேலூயா’ முதலிடத்தையும் இரண்டாமிடத்தையும் பிடித்த அந்தக் கிறிஸ்துமஸ் வாரம்: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

ஹாரோ வாசகி:

பிரிட்டனில் 2008 கிறிஸ்துமஸ் முதலிடத்துக்காக, அதாவது அந்த வாரம் அதிகம் விற்ற ஒற்றைப்பாடல் என்ற இடத்துக்காக, ‘ஹல்லேலூயா’ என்ற ஒரே பாடலின் இரண்டு வடிவங்கள் மோதிக்கொண்ட கதை இங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் 21, ஞாயிறு மாலை, எம்25 நெடுஞ்சாலை நெரிசலில் அண்ணன் காரை ஓட்ட, நானும் தங்கையும் பின்னிருக்கையில் இருந்தோம். பிபிசி ரேடியோ 1 அலைவரிசையில் அந்த வாரத் தரவரிசை இறுதிக்கட்டத்துக்கு வந்திருந்தது. தங்கை, எக்ஸ் ஃபேக்டர் என்ற தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் இறுதிச்சுற்றில், அதில் வென்று இந்தப் பாடலை வெளியிட்ட அலெக்ஸாண்ட்ரா பர்க்குக்கு வீட்டுத் தொலைபேசியிலிருந்து வாக்களித்தவள். அண்ணனோ, அமெரிக்கப் பாடகர் ஜெஃப் பக்லியின் பழைய பதிவைத்தான் முதலிடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஃபேஸ்புக்கில் திரண்ட கூட்டத்தில் சேர்ந்து, தெரிந்தவர்களையெல்லாம் அதைப் பதிவிறக்கம் செய்யவைத்தவர்.

இரண்டாம் இடம் பக்லிக்கு என்று அறிவித்துவிட்டு அந்தப் பதிவை ஒலிபரப்பினார்கள். கிட்டார் தொடங்குவதற்கு முன்பு அவர் மூச்சை வெளியே விடும் ஓசை அதில் கேட்கும் அல்லவா, அண்ணன் ஒலியைக் கூட்டிவைத்திருந்ததால் அது காருக்குள் யாரோ விட்ட மூச்சு என்றே ஒரு நொடி நினைத்தேன். பாடல் முழுவதும் அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு முதலிடம் அறிவிக்கப்பட்டு, பர்க்கின் குரல் எழுந்த அதே கணத்தில் அவர் கை நீண்டு ஒலியைக் குறைத்தது. "அண்ணா, ரெண்டையும் எழுதினவர் ஒருத்தர்தானே, இதை மட்டும் ஏன் குறைக்கிறீங்க?" என்று தங்கை கேட்டாள். "இது பாட்டே இல்லை" என்றார் அண்ணன்.

சற்று முன்பு அவரைப் பேச்சற்று உட்காரவைத்த அதே சொற்கள், அதே மெட்டு. பாடியவர் தொலைக்காட்சிப் போட்டியில் வென்ற பெண் என்பதால் மட்டுமே அவர் காது மூடிக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன். தங்கை வீடு வந்து சேரும்வரை பேசவில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், அந்தப் பாடலின் எந்த வடிவம் காதில் விழுந்தாலும் எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது. உங்களில் யாருக்காவது அந்த வாரத்தில் இப்படி ஏதாவது நேர்ந்ததா?

பழைய இசைத்தட்டு:

நான் அப்போது பர்மிங்காமில் ஒரு இசைக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பர்க்கின் பாடல் இணையத்தில் 14ஆம் தேதி ஞாயிறு அன்றே வந்துவிட்டது. முதல் நாளிலேயே 1,05,000 பதிவிறக்கங்கள். குறுந்தகடாக எங்கள் கைக்கு வந்தது 17ஆம் தேதி, புதன்கிழமை. பெட்டிகளைப் பிரித்து முன்வரிசை அடுக்கில் வைத்து முடிப்பதற்குள் வாங்க வந்தவர்கள் வரிசை கட்டி நின்றுவிட்டார்கள்.

வயதான ஒரு வெள்ளைக்கார அம்மா வந்து, "அந்த ஹல்லேலூயா பாட்டு" என்று கேட்டார். நான் பர்க்கின் குறுந்தகட்டைக் கொடுத்தேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இல்லை. என் மகன் தன் அறையில் கேட்டுக்கொண்டிருப்பான், ஒரு பையனும் ஒரு கிட்டாரும் மட்டும்தான் இருக்கும்" என்றார். எங்கள் கடையில் பக்லியின் அந்தப் பாடல் தனியாக இல்லை. 1994இல் வந்த ‘கிரேஸ்’ இசைத்தொகுப்பைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். பணம் கொடுக்கும்போது, "இதை நான் வாங்கினால் அதுவும் போட்டியில் சேருமா?" என்று கேட்டார். தொகுப்பாக வாங்குவது ஒற்றைப்பாடல் பட்டியலில் சேராது என்று சொன்னேன். அவர் முகம் வாடியதை என்னால் மறக்க முடியவில்லை. மகன் எங்கே இருக்கிறார் என்று கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

ஆனால் ஹாரோ வாசகி அவர்களே, உங்கள் அண்ணனை மட்டும் குறைசொல்வது சரியாகப் படவில்லை. 2007 ஜனவரிக்கு முன்பு, கடைக்கு வராத ஒற்றைப்பாடல் பட்டியலில் ஏற முடியாது. அந்த ஆண்டு விதி மாறி, எந்தப் பழைய பதிவானாலும் போதுமான பேர் பதிவிறக்கம் செய்தால் தரவரிசையில் இடம் உண்டு என்று ஆன பிறகுதான், 1997இலேயே இறந்துபோன ஒரு கலைஞரின் பதிவை இரசிகர்கள் தாங்களாகவே மேலே ஏற்ற வழி பிறந்தது. 2008க்கு முன்பு, 2005 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து எக்ஸ் ஃபேக்டர் வெற்றியாளரே கிறிஸ்துமஸ் முதலிடத்தில் இருந்தார். டிசம்பரின் முடிவு அந்தப் போட்டி நடக்கும் இலையுதிர்காலத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது என்ற கோபம் நியாயமான கோபம். அப்படியும் அந்த வாரத்தில் பர்க்குக்கு 5,76,000 பிரதிகள், பக்லிக்கு ஏறத்தாழ 80,000. ஏழு மடங்கு வேறுபாடு இருந்தபோது அதைப் போட்டி என்று அழைத்தவை செய்தித்தாள்கள்தான். கடையில் நின்ற எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

நான்காம் சுரம்:

இரண்டு பதிவுகளையும் படித்தேன். இருவரும் பக்லியின் வடிவத்தை மூலப்பாடல் போலவும் பர்க்கின் வடிவத்தை நகல் போலவும் எழுதிச் செல்கிறீர்கள். இரண்டுமே கவர் வடிவங்கள்தான், அதாவது இன்னொருவரின் பாடலைத் திரும்பப் பாடியவை. எழுதிப் பாடியவர் லெனர்ட் கோஹன், 1984இல் பதிவானது. அது இடம்பெற்ற இசைத்தொகுப்பை அவருடைய இசை நிறுவனமான கொலம்பியா அமெரிக்காவில் வெளியிடவே மறுத்தது. 1991இல் வேல்ஸ் இசைக்கலைஞர் ஜான் கேல் தனக்கு வரிகளை அனுப்பும்படி கேட்க, கோஹன் பக்கம் பக்கமாக ஃபேக்ஸ் அனுப்பினார். அதிலிருந்து கேல் சில சரணங்களைத் தேர்ந்தெடுத்து, பியானோவோடு பாடிக் கொடுத்த வடிவம்தான் பக்லியின் காதில் விழுந்தது. ஆக, ஹாரோ வாசகியின் அண்ணன் தூக்கிப்பிடித்தது கவருக்கும் கவரான ஒன்றை. பக்லியின் பதிவு எனக்கும் மிகவும் பிடிக்கும். ஆனால் பிடிப்பது வேறு, தூய்மை என்ற பெயரில் இன்னொருவரை விரட்டுவது வேறு.

என் அனுபவம் சிறியது. 2008 ஜூலையில் லண்டன் ஓ2 அரங்கில் கோஹனின் நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். எழுபதைக் கடந்த மனிதர், தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு, மேடையில் முழந்தாளிட்டுப் பாடினார். இந்தப் பாடலின் கடைசிச் சரணத்தில் தான் ஏமாற்ற வரவில்லை என்று சொல்லும் வரியில் லண்டன் என்ற ஊர்ப்பெயரைச் சேர்த்தபோது அரங்கமே எழுந்து கத்தியது. என் பக்கத்து இருக்கைக்காரர் மட்டும் கத்தவில்லை; திரும்பிப் பார்த்தேன், இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். ஐந்து மாதம் கழித்து நாடே இந்தப் பாடலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வாரத்தில் கோஹனின் சொந்தப் பதிவு 36ஆம் இடத்தில் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பக்லியின் பதிவும் கோஹனின் பதிவும் கொலம்பியாவுடையவை. பர்க் பாடியது எக்ஸ் ஃபேக்டரை உருவாக்கிய சைமன் கவலின் சைகோ இசை நிறுவனத்துக்காக. மூன்றும் சோனியின் கூரைக்குக் கீழேதான் இருந்தன. எதை வாங்கினாலும் பணம் போய்ச் சேர்ந்த வாசல் ஒன்றே. எதிர்ப்பு என்று நினைத்துப் பணம் கொடுத்தவர்கள் இதைத் தெரிந்துகொண்டு கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாடகர் குழு அம்மா:

தரவரிசைப் பேச்சுக்குள் நான் போகவில்லை. அந்த டிசம்பரில் தெற்கு லண்டனில் எங்கள் தமிழ்ச் சபையின் கீதப் பவனி ஒத்திகையில் நடந்ததைச் சொல்கிறேன். வாலிபப் பெண் ஒருத்தி இந்தப் பாடலைத்தான் பாடுவேன் என்று வரிகளை இணையத்திலிருந்து அச்சிட்டுக் கொண்டுவந்தாள். போதகர் ஐயா பென்சிலோடு உட்கார்ந்து வாசித்தார். தாவீது இராஜா இரகசிய சுருதி மீட்டியது கர்த்தருக்குப் பிரியமாயிருந்தது என்ற இடத்தில் தலையாட்டினார். மொட்டைமாடியில் குளிக்கும் பெண்ணைப் பார்த்த இடத்தில் பென்சில் நின்றது. சிம்சோனின் கதையில் வருவதுபோல் முடியை வெட்டும் இடத்தில், "தாவீதா, சிம்சோனா, யார் இது?" என்று மெதுவாகக் கேட்டார். அந்தப் பிள்ளை, "ரெண்டு பேரும்தான் ஐயா" என்றாள். அவர் வெகுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எதையும் அடிக்காமல் அவளிடமே திருப்பிக் கொடுத்தார். சம்மதமா மறுப்பா என்று எங்களில் யாருக்கும் விளங்கவில்லை. அவள் கடைசியில் வேறு பாட்டுப் பாடினாள்.

இப்போதும் டிசம்பர் தோறும் பிள்ளைகள் இதைக் கேட்கிறார்கள். ஆகவே குழு நடத்துபவர்களுக்குச் சில வார்த்தைகள். முதலாவது, எந்த வடிவத்தைப் பாடப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஆளாளுக்கு வேறு வேறு சரணங்களைப் பாடியிருக்கிறார்கள், பக்லியைக் கேட்டுப் பழகிய பிள்ளையும் பர்க்கைக் கேட்டுப் பழகிய பிள்ளையும் ஒரே குழுவில் இருந்தால் இரண்டாம் சரணத்துக்குள் குழப்பம் வந்துவிடும். பர்க்கின் வடிவம் ஏறக்குறைய மூன்றரை நிமிடம்; பக்லியுடையது ஏழு நிமிடத்தைத் தொடும். சபையில் ஏழு நிமிடம் தாங்காது.

சுருதி அடுத்த விஷயம். பர்க் பாடுவதில் பின்னணியில் பெரிய கோரஸ் நுழைந்து, இறுதிப்பகுதியில் சுருதி ஒரு படி மேலே போகிறது. பயிற்சி பெற்ற தொண்டைக்கு அது சுகம். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது கத்தலாக முடியும். சுருதி மாற்றத்தை விட்டுவிடுங்கள், ஒன்றும் குறையாது. சி மேஜரில் வாசித்தால், முதல் சரணம் நான்காவது, ஐந்தாவது, மைனர் இறக்கம், மேஜர் ஏற்றம் என்று சொல்லிக்கொண்டே போகும்போது கீபோர்டில் உங்கள் கை எஃப், ஜி, ஏ மைனர், மீண்டும் எஃப் என்று அதே இடங்களில் விழும். பாடல் தன் சுரங்களைத் தானே அறிவிக்கிறது. இதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அதன் பிறகு அவர்கள் பாடும் விதமே மாறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கடைசியாக, பல்லவியில் அந்த ஒரே சொல்லை நான்கு முறை பாடும்போது நான்கையும் ஒரே பலத்தில் பாடவைக்காதீர்கள். முதல் இரண்டையும் தாழ்த்தி, மூன்றில் எழுந்து, நான்காவதில் மூச்சு தீரும்வரை நீட்டட்டும். ட்ரம்ஸ் வேண்டவே வேண்டாம்.

லெஸ்டர் மாணவன்:

நான்காம் சுரம் சொல்லும் சோனி வாதத்தை நான் ஏற்கவில்லை. பணம் யாருக்குப் போனது என்பதைவிட, முதலிடம் யார் கையில் என்பதைத் தாங்களும் தீர்மானிக்கலாம் என்று சாதாரண மக்கள் அந்த வாரத்தில் கற்றுக்கொண்டார்கள் என்பதே பெரிது. மறு ஆண்டு ரேஜ் அகெயின்ஸ்ட் த மெஷின் என்ற அமெரிக்க ராக் குழுவின் 1992ஆம் ஆண்டுப் பாடலை 5,02,000 பேர் வாங்கி, எக்ஸ் ஃபேக்டர் வெற்றியாளர் ஜோ மெக்எல்டெரியை இரண்டாமிடத்துக்குத் தள்ளினார்கள். அவர் பாடியதும் மைலி சைரஸ் பாடலின் கவர். அந்த முடிவு வந்தபோது நான் பல்கலைக்கழக விடுதியின் பொதுச் சமையலறையில் இருந்தேன். பருப்பு அடுப்பில் பொங்கி வழிந்தது, யாரும் அணைக்கவில்லை. பக்கத்து அறைச் சீன மாணவர், என்னோடு அதுவரை பேசியே இராதவர், என்னைக் கட்டிப்பிடித்தார்.

இஸ்லிங்டன் பெண்:

நான் அப்போது பள்ளி மாணவி. பர்க் எங்கள் பகுதிப் பெண். 2005இல் அதே போட்டியில் நேரலைச் சுற்றுக்கு முன்பே திருப்பி அனுப்பப்பட்டு, மூன்று ஆண்டு கழித்து மறுபடி வந்து நின்றவர். டிசம்பர் 13 இறுதிச்சுற்றில் பியான்சேயோடு சேர்ந்து பாடியபோது அழுகையில் குரல் உடைந்து, திரும்பச் சமாளித்துக்கொண்டு பாடியதை எங்கள் வீட்டில் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தோம். திங்கட்கிழமை வகுப்பில் கிட்டார் வாசிக்கும் ஒரு பையன் என்னிடம் வந்து, "ஜெஃப் பக்லி யாரென்றாவது தெரியுமா உனக்கு?" என்று கேட்டான். தெரியாது என்றேன். அன்று மாலையே கேட்டேன், இரவு முழுவதும் கேட்டேன். மறுநாள் அவனிடம் போய், கோஹனுடையதைக் கேட்டிருக்கிறாயா என்று கேட்டேன். அவன் கேட்டதில்லை.

லெஸ்டர் மாணவன் சொல்வதுபோல் மக்கள் தீர்மானித்தார்கள் என்றால், 5,76,000 பேரும் மக்கள்தான். அவர்களை இசை தெரியாதவர்கள் என்று ஒதுக்கிய பேச்சு எனக்கு இன்றும் வலிக்கிறது. ஒரே பாடல் முதல் இரண்டு இடங்களிலும் அதற்கு முன்பு வந்தது 1957இல், கை மிட்செலும் டாமி ஸ்டீலும் ‘சிங்கிங் த ப்ளூஸ்’ பாடியபோது. ஐம்பத்தோரு ஆண்டுக்குப் பிறகு அப்படி ஒன்று நிகழ்ந்ததற்கு இரண்டு தரப்பும்தான் காரணம்.

ஹாரோ வாசகி, உங்கள் தங்கை இதைப் படித்தால், அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி என்று சொல்லுங்கள். இன்னொரு வேண்டுகோள்: கோஹனின் பதிவை 36ஆம் இடத்துக்குக் கொண்டுவந்தவர்களும் சில ஆயிரம் பேராவது இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவரும் இதுவரை இங்கே எழுதவில்லை. யாராவது இருந்தால் அந்த வாரத்தில் ஏன் அதை வாங்கினீர்கள் என்று எழுதுங்கள்.