அப்பா பாட்டை ரிங்டோனா வெச்சு நானே கெடுத்துட்டனா?

சோமனூர்க்காரி:
எல்லாருக்கும் வணக்கமுங்க. கேட்டா சிரிப்பீங்க, ஆனா ஒரு மாசமா இதுதான் மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்குது.

எங்கூட்டுல எட்டு தறி ஓடுச்சு. தறி ஓடறப்ப பக்கத்துல நின்னு கத்துனாலும் கேக்காதுன்னு எங்கப்பா ஒரு பழைய ஸ்பீக்கரைக் கழட்டி மண்பானை வாயில கவுத்து குடோன் மூலைல வெச்சிருந்தாரு. பாட்டு முழுசாக் கேக்காது, கும்கும்னு தாளம்தான் வரும். ரெக்கார்டிங் கடைல லிஸ்ட் எழுதிக் குடுத்து புடிச்ச அறுபது நிமிச கேசட், அதுல ஏ சைடுல கடைசிப் பாட்டு 'ராஜ ராஜ சோழன் நான்'. ரெண்டாவது சரணத்துல டேப் தீந்து டக்குனு நின்னுரும். அப்பா தறி நாடாவுல நூல் தார் மாத்திட்டே மீதியை அவரே பாடி முடிப்பாரு, நமக்கு வாய் அசையறது மட்டும்தான் தெரியும்.

அப்பா போயி நாலு வருசமாச்சு. அந்த ஏக்கத்துல அந்தப் பாட்டையே ரிங்டோனா வெச்சேன். மொத ஒரு மாசம் போன் அடிச்சா எடுக்கவே மாட்டேன், பஞ்சுத்தூசி வாசம், தறி எண்ணெய் வாசம் எல்லாம் வந்துரும், அப்படியே நின்னுருவேன். போன மாசம் ஒரு கல்யாண மண்டபத்துல அதே பாட்டைப் போட்டாங்க. எனக்கு அப்பா ஞாபகம் வல்லைங்க. கை நேரா பேக்குக்குள்ள போயி போனைத் தேடுது, லோன்காரன் கூப்படறானோன்னு வயித்துல ஒரு பயம். பொசுக்குனு ஆயிருச்சு. இது இனி திரும்பி வருமா? உங்களுக்கு இப்படி ஆயிருக்குதா?

ஊத்துக்குளி வெண்ணெய்:
அக்கா மொதல்ல ரிங்டோனை மாத்துங்க, மத்ததை அப்பறம் பேசலாம் 😄

எனக்குத் தலைகீழுங்க. புடிச்ச பாட்டுல எல்லாம் எனக்கு ஒரு ஞாபகமும் இல்லை. +2 முடிச்சு திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங்ல சேந்தப்ப காலைல இருந்து ஒன்றரை ஷிப்ட்டும் ஒரே எஃப்எம்தான், அதுல ஒரு மொக்கை குத்துப்பாட்டு ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை வரும், பவர் டேபிள்ல தைக்கற அக்காங்க எல்லாம் கூடவே பாடுவாங்க, எனக்கு எரிச்சலா வரும். இப்ப அந்தப் பாட்டு எங்கியாவது கேட்டா சனிக்கிழமை சாயங்காலம் கவர்ல மொத சம்பளத்தை வாங்கிட்டு பஸ்ஸ்டாண்டு வரைக்கும் பாக்கெட்டை அமுக்கிப் புடிச்சுட்டே நடந்து போனது அப்படியே வருதுங்க. பாட்டு என்னமோ இன்னைக்கும் மொக்கைதான்.

நொய்யல் கரை:
சோமனூர்க்காரி அம்மிணி, நான் சைக்காலஜி படிச்சவன், அந்தப் பக்கத்துல இருந்து சொல்றனுங்க.

உங்களுக்கு நடந்ததுக்குப் பேரே இருக்குது, 'க்யூ ஓவர்லோடு'ம்பாங்க. ஞாபகத்தை இழுத்துட்டு வர்ற ஒரு குறிப்புக்கு ஒரே ஒரு ஞாபகம்தான் கட்டியிருக்குதுன்னா இழுத்தவொடனே அது வரும். அதே குறிப்புல கேஸ்காரன், ஸ்கூல் வேன், லோனுன்னு நூறு விசயத்தைக் கட்டுனா இழுக்கறப்ப எது வர்றதுன்னு தள்ளுமுள்ளு ஆயிரும், ஒரே கொக்கில நூறு சட்டையை மாட்டுன கதைதான். அதுக்காக அப்பா ஞாபகம் அழிஞ்சு போகலைங்க, கொக்கிதான் நெறைஞ்சு போச்சு. வேற கொக்கி இருந்தா புடிச்சு இழுங்க. அந்தக் கேசட், பானை, தறிச்சத்தம், அந்தப் பாட்டுக்கு முந்துன பாட்டு எது, அதெல்லாம்.

இன்னொண்ணு. அந்தப் பாட்டு 1987-ல வந்தது. நீங்க அப்பக் கைக்கொழந்தையோ, பொறக்கவே இல்லையோ. பொதுவா பத்து வயசுல இருந்து இருவத்தஞ்சு முப்பது வரைக்கும் கேட்ட பாட்டுதான் ரொம்ப ஒட்டும்னு சொல்லுவாங்க. ஆனா அமெரிக்காவுல கார்னெல் யுனிவர்சிட்டில கேரல் க்ரம்ஹான்சல்னு ஒருத்தங்க 2013-ல செஞ்ச ஆராய்ச்சில, காலேஜ் பசங்களுக்கு அவங்கப்பா அம்மா வயசுப்புள்ளைகளா இருந்தப்ப வந்த பாட்டும் தனியா ஒரு மேடு மாதிரி ஏறி நின்னுது. ஊட்டுல ஓடுன பாட்டு தலைமுறை தாண்டி எறங்குதுங்க. பாட்டு வந்த வருசம் வேற, நமக்குள்ள வந்த வருசம் வேற.

பல்லடத்தான்:
மேல சொன்ன அண்ணன் சொல்றது சரிங்க, ஆனா ஞாபகம்னா மண்டைல மட்டும்னு நெனைக்க வேண்டாம். எங்க அப்பாரு, தாத்தாவைத்தான் சொல்றனுங்க, கடைசி ரெண்டு வருசம் ஆளே அடையாளம் தெரியாம இருந்தாரு. என்னைப் பாத்து "யாரூட்டுப் பையன் சாமி நீயி"ம்பாரு. சின்ன வயசுல அவரு கவலை இறைச்ச ஆளு, மாடு கட்டிக் கெணத்துத் தண்ணி எறைக்கறதுங்க. ஒரு நா கயித்துக் கட்டல்ல உக்காந்துட்டு கவலை ஓட்டற பாட்டைத் தானா எடுத்தாரு. நாலடி பாடுனாரு, ஒரு சொல்லு மாறலை. பாடிட்டே ஒடம்பைப் பின்னால சாய்க்கறாரு, ரெண்டு கையும் இல்லாத கயித்தை இறுக்கிப் புடிச்சிருக்குது. எனக்கு மொதல்ல புரியலை. வடத்து மேல உக்காந்து மாடு வாரிச் சரிவுல எறங்கறப்ப இருக்கற சாய்வு அதுன்னு எங்கப்பன்தான் சொன்னாரு. பாட்டு நின்னதும் "தண்ணி மடை தாண்டிருச்சா பாரு"ன்னு என்னை வெரட்டுனாரு. கெணறு மூடி முப்பது வருசமாச்சுங்க. நானும் எந்திரிச்சுப் போயி வாசல்ல நின்னு பாத்துட்டு "தாண்டிருச்சுங்க அப்பாரு"ன்னேன்.

அதனால கேசட் கெடைக்கலைன்னாலும் தறி ஓடற எடத்துல கொஞ்ச நேரம் நில்லுங்க தங்கச்சி.

ஊத்துக்குளி வெண்ணெய்:
பல்லடத்தாண்ணா, கம்பெனில உக்காந்து படிச்சுட்டு இருக்கேன், கண்ணுல தண்ணி வர வெச்சுட்டீங்க. சூப்பர்வைசர் பாக்கறாரு.

சோமனூர்க்காரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ரிங்டோனை அன்னைக்கே மாத்திட்டேன், இப்ப போன்ல வந்த பழைய ட்ரிங் ட்ரிங்தான். யூடியூப்ல பாட்டை முழுசாப் போட்டுப் பாத்தேன், ரெண்டாவது சரணம் நிக்காம ஓடுது, அது என்னமோ வேற ஆரோ பாட்டு மாதிரி இருந்துச்சு. நொய்யல் கரை அண்ணன் கேட்டதுக்கு யோசிச்சுப் பாத்தேன், முந்துன பாட்டு என்னன்னு எவ்வளவு யோசிச்சும் வல்லை. ஆனா அப்பா வாய் அசைக்கறப்ப ஒரு பக்கம் வெத்தலை ஒதுக்கிருப்பாரு, அது வந்துச்சு. இத்தனை நாளா அதை மறந்தே போயிருந்தேன்.

கேசட்டு தம்பியூட்டு அட்டாலில இருக்குதாம், தேடித் தர்றேன்னான். பானையையும் எடுத்து வைடான்னேன். வாய் ஒடைஞ்சு போச்சு, அதுல இப்பக் கோழி அடை படுத்திருக்குது, இன்னும் பத்து நா கழிச்சுத்தான் தருவேன்னு தம்பி பொண்டாட்டி சொல்லிட்டா.