பைக்கில் லைசென்ஸ் துப்பாக்கியோடு போனபோது மறக்க முடியாமல் போன ஒரு சம்பவம், சொல்லுங்கள்

தருமபுரி எக்ஸ்சர்வீஸ்:
பேங்க் காவலாளி டூட்டி, கையில் 12 போர் டபுள் பேரல், அதாவது இரட்டைக்குழல் துப்பாக்கி. 2024 தேர்தல் நேரத்து வாகனச் சோதனையில் நிறுத்தினார்கள். லைசென்ஸையும் பேங்க் கடிதத்தையும் எஸ்.ஐ. பார்த்து முடித்துவிட்டார். பக்கத்தில் நின்ற இளம் போலீஸ்காரர் துப்பாக்கி உறையைக் கேட்டார், கொடுத்தேன். வெளியே எடுத்தவர் தோளில் சாத்தி நேராக விசையில் விரலை வைத்தார். குழலுக்கு எதிரே எஸ்.ஐ.யின் வயிறு. டக். தோட்டா என் இடுப்புப் பையில் இருந்தது. அது எனக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும்? எஸ்.ஐ. சிரித்துக்கொண்டே "சரி, போங்கண்ணே" என்றார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கோபம்தான் வருகிறது.

ஆனைமலை தென்னந்தோப்பு:
அதே தேர்தல்தான். தேர்தலுக்காக அப்பாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கப் போனோம். லைசென்ஸ் அவர் பெயரில் என்பதால் துப்பாக்கி அவர் கையில், வண்டி என் கையில். ஊருக்குத் தெரியக்கூடாது என்று கோணிப்பையில் சுற்றியிருந்தார். கோயில் கூட்டத்தில் வண்டி நகரவில்லை. குடித்திருந்த ஒருத்தன் பையைப் பிடித்து, "என்ன பெருசு, கடப்பாரையா?" என்றான். "ஆமாப்பா" என்றார் அப்பா. "குடு, தூக்கிப் பார்க்கிறேன்" என்று அவன் இழுக்க, அவர் இரண்டு கையாலும் கட்டிக்கொள்ள, நான் ஹாரன் மேல் ஹாரன். முன்னால் இருந்த ஆட்டோ நகர்ந்தது, தப்பித்தோம்.

பாயிண்ட் நம்பர் ஒன்று:
ஆனைமலைக்காரரே, கோணிப்பை உறை ஆகாது. 2016 ஆயுத விதிகளில் தெளிவாக இருக்கிறது: நீளத் துப்பாக்கி அதற்கென்று செய்த உறைக்குள் முழுசாக மூடியிருக்க வேண்டும், வைத்திருப்பவரின் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். தருமபுரி அண்ணன் துப்பாக்கியைக் கழற்றிக் கொண்டுபோயிருக்கலாம். குழலுக்கு அடியில் இருக்கிற முன்கட்டையை எடுத்தால் குழல் தனி, பின்கட்டை தனி. அப்புறம் யார் விசையை இழுத்தால் என்ன?

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பிஸ்டல்காரர்கள் நடுமுதுகில் செருகாதீர்கள். மல்லாந்து விழுந்தால் முதுகெலும்புக்கும் ரோட்டுக்கும் நடுவில் இரும்பு. விசையை மூடுகிற ஹோல்ஸ்டராகப் பார்த்து இடுப்பின் பக்கவாட்டில் கட்டுங்கள். டேங்க் பையும் வேண்டாம், ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியும் வேண்டாம். டீ குடிக்க இறங்கினால் வண்டி அங்கே, நீங்கள் இங்கே. மழையில் நனைந்தால் உறையோடு மூலையில் சாத்தாதீர்கள். வெளியே எடுத்துத் துடைத்து எண்ணெய் போடாவிட்டால் துரு பிடிக்கும். ஒப்படைத்தால் ரசீதில் துப்பாக்கி எண்ணைச் சரிபார்த்து வாங்குங்கள்.

என் அனுபவமா? பெட்ரோல் பங்கில் என் உறையைப் பார்த்து ஒரு பையன் "கிடாரா அண்ணே?" என்றான். அவ்வளவுதான்.

மஞ்சூர் பாதை:
கோவையிலிருந்து மஞ்சூருக்கு ஆனைகட்டி, முள்ளி வழியாகப் போவோம் என்றான் நண்பன். அவன் பையில் பிஸ்டல் இருப்பதை ஆனைகட்டி டீக்கடையில்தான் சொன்னான். அந்த வழி நடுவில் அட்டப்பாடிக்குள், அதாவது கேரளத்துக்குள் போகிறது. அவன் லைசென்ஸ் செல்லுகிற எல்லை தமிழ்நாடு மட்டும். அதைப் படித்துக் காட்டியதும், "காடுதானே, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றான். சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய வனத்துறை அனுமதி தனியாக வேண்டும் என்பது அவனுக்குப் புதுச் செய்தி. இந்த ஆளுக்கு யார் லைசென்ஸ் கொடுத்தது என்றுதான் யோசித்தேன். மேட்டுப்பாளையம் சுற்றிப் போனோம், வழியெல்லாம் முறைப்பு.

தருமபுரி எக்ஸ்சர்வீஸ்:
பாயிண்ட் தம்பி, பணப்பெட்டி வேனிலிருந்து இறங்கும்போது நான் கழற்றிய குழலைப் பொருத்திக்கொண்டு நிற்கவா? டூட்டிக்குப் போகிறவனும் ஸ்டேஷனுக்குப் போகிறவனும் ஒன்றில்லை. ஆயுதத்தைக் கையில் வாங்குகிறவர் முதலில் திறந்து பார்க்க வேண்டும். பட்டாளத்தில் முதல் வாரமே அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.