நடை நிலைத்தது, உறக்கம் நிலைக்கவில்லை: காரணம் என்ன?

தெப்பக்குளத்துக்காரர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கராகப் பணியாற்றுகிறேன்; நாள் முழுவதும் உட்கார்ந்தே செய்யும் வேலை. கடந்த ஆண்டு எடுத்த இரத்தப் பரிசோதனையில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்றும், 6.5 ஆகிவிட்டால் நோய் என்றே கொள்வார்கள் என்றும் மருத்துவர் விளக்கினார். மாத்திரை எழுதித் தரவில்லை. மூன்று மாதம் பழக்கங்களை மாற்றிவிட்டு மறுபடியும் பார்க்கலாம் என்றார். என் தந்தை சர்க்கரை நோயால் கால்விரலை இழந்தவர் என்பதால், அந்தச் சொல்லை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று காரியங்களை மேற்கொண்டேன். இரவு உணவை முடித்தவுடன் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பது, மதியச் சோற்றைப் பாதியாக்கிக் காய்கறியைக் கூட்டிக்கொள்வது, இரவு பத்தரை மணிக்குள் படுத்துவிடுவது. மூன்று மாத முடிவில் அளவு 5.8க்கு இறங்கியது. மருத்துவரும் மகிழ்ந்தார், வீட்டிலும் நிம்மதி. அதன்பிறகு பல மாதங்கள் ஓடிவிட்ட நிலையில் திரும்பிப் பார்த்தால், நடை முழுமையாக நிலைத்திருக்கிறது. நான் கை கழுவிக்கொண்டிருக்கும்போதே மகன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பான். சோற்றின் அளவும் பெரும்பாலும் நிலைத்திருக்கிறது. உறக்கம் மட்டும் பழையபடி நள்ளிரவைத் தாண்டுகிறது. மூன்றுக்கும் ஒரே அளவு மனவுறுதியைத்தான் செலவிட்டேன். அப்படியிருக்க ஒன்று ஏன் வேர் பிடித்தது, இன்னொன்று ஏன் பிடிக்கவில்லை? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

உளவியல் ஆசிரியை

வணக்கம் ஐயா. உங்கள் கேள்வியிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. "இரவு உணவை முடித்தவுடன்" என்று நடையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். உறக்கத்தைப் பற்றி எழுதும்போது "பத்தரை மணிக்குள்" என்கிறீர்கள். முன்னது ஒரு செயலைத் தொடர்ந்து வருவது, பின்னது கடிகாரத்தைக் கவனித்துக்கொண்டே இருந்தால்தான் நினைவுக்கு வருவது. சாப்பிட்டுக் கை கழுவுவது எந்த நாளும் தவறாது என்பதால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் நடையும் தவறுவதில்லை.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து நடத்திய ஆய்வும் இந்த முறையில்தான் அமைந்தது. ஒவ்வொருவரும் காலை உணவுக்குப் பின், இரவு உணவுக்கு முன் என்பதுபோல அன்றாடம் தவறாமல் வரும் ஒரு தருணத்தோடு புதிய செயல் ஒன்றை இணைத்துக்கொண்டனர். அந்தச் செயல் தன்னியல்பாக மாறுவதற்கான இடைநிலை அளவு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் கால அளவு, 66 நாள் என்று தெரிந்தது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. 21 நாளில் எந்தப் பழக்கமும் வந்துவிடும் என்று பலரும் சொல்லுவதற்கு இத்தகைய அடிப்படை இல்லை. 1960களில் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அறுவை மருத்துவர், தம் நோயாளிகள் மாறிய தோற்றத்துக்குப் பழக ஏறத்தாழ மூன்று வாரமாவது ஆகிறது என்று எழுதியதிலிருந்து அது கிளைத்தது. ஆகவே உங்கள் மனவுறுதியில் குறை காண வேண்டாம். உறக்கத்துக்கு முன் நிகழும் நிலையான செயல் எது என்று முதலில் தேடுங்கள்.

காரைக்குடி இல்லத்தரசி

சகோதரருக்கு வணக்கம். சோற்றைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள், அதை நான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். என் கணவருக்கும் இதே நிலை வந்தபோது வீட்டில் மாறியது அவருடைய தட்டு மட்டுமன்று, என்னுடைய காலைப்பொழுதும்தான். சோறு அரைப்பங்கு குறைந்தால் அந்த இடத்தை நிரப்ப ஒரு பொரியல் போதாது. கூட்டும் கீரையும் வேண்டும். அரைக்கீரையை ஆய்ந்து, மண் போக மூன்று தண்ணீரில் அலசி, நறுக்கி எடுப்பதற்கு ஆகும் நேரம் குக்கரில் அரிசி வைப்பதற்கு ஆவதில்லை. உங்கள் பழக்கம் நிலைத்ததற்கு உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் தினமும் அந்த வேலையைச் செய்கிறார் என்பதே முதற்காரணம் என்று நினைக்கிறேன். முதல்நாள் இரவே காயை நறுக்கி வைக்கும் பொறுப்பை என் கணவர் ஏற்றுக்கொண்ட பிறகுதான் எங்கள் வீட்டில் இது தடையில்லாமல் நடக்கிறது.

பரிமாறும் வரிசையையும் மாற்றினோம். கூட்டையும் பொரியலையும் முதலில் உண்டுவிட்டுப் பிறகு சோற்றுக்கு வருகிறோம். அப்படி உண்டால் உணவுக்குப் பின் சர்க்கரை ஏறுவது குறையும் என்று எங்கள் மருத்துவரே சொன்னார், பசியும் அதற்குள் பாதி அடங்கிவிடுகிறது.

ஓய்வுபெற்ற செவிலியர்

ஐயா, கிராம சுகாதாரச் செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். இரத்த அழுத்த மாத்திரையை மறந்துவிடுகிறவர்களிடம் "காலை எட்டு மணிக்குப் போடுங்கள்" என்று சொல்லிப் பயனில்லை. மாத்திரை அட்டையைக் காபித்தூள் டப்பாவின் மூடிமேல் வைக்கச் சொல்லுவேன். காபி போடாத நாள் கிடையாது என்பதால் மாத்திரையும் தவறாது. மேலே ஆசிரியை அம்மா சொன்னதை நான் இந்த வடிவில்தான் கண்டிருக்கிறேன்.

நீங்கள் எடுத்துக்கொண்ட வழியில் உறுதியாக இருக்கலாம். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையிலிருந்த 531 பேரை வைத்து நடத்தி 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுகளில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களில் அது 39.3 விழுக்காடாக இருந்தது. நம் மண்ணில், நம் மக்களிடம் கண்ட முடிவு என்பதால் இதை நான் எல்லாரிடமும் சொல்லுவது வழக்கம். உண்டபின் நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. அதற்காக நாளுக்குப் பத்தாயிரம் காலடி என்ற கணக்கைப் பிடித்துக்கொண்டு வருந்த வேண்டாம். அது 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவிய எண்.

உறக்கத்தை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள். உறக்கம் குறைந்தால் இன்சுலின் வேலை செய்யும் திறனும் குறைகிறது, மறுநாள் பசியும் கூடுகிறது. படுக்கும் நேரத்தோடு போராடாமல் எழும் நேரத்தை ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம். சில வாரங்களில் இரவுத் தூக்கம் தானே முன்னுக்கு வரும்.

தெப்பக்குளத்துக்காரர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நடந்து வந்ததும் கால் கழுவுவது எங்கள் வீட்டில் தவறாத வழக்கம். கால் கழுவியவுடன் கைப்பேசியைக் கூடத்து அலமாரியில் சார்ஜில் போட்டுவிட்டு, படுக்கையறைக்கு வெறுங்கையோடு போவது என்று முடிவு செய்திருக்கிறேன். எழுப்புவதற்கு ஒரு பழைய அலாரம் கடிகாரம் இருக்கிறது. இன்று கீரையை நான்தான் ஆய்ந்தேன். சகோதரி சொன்னது முற்றிலும் உண்மை. ஒரே ஓர் ஐயம் மட்டும் மீதியிருக்கிறது: மார்ச் மாத இறுதியில் கணக்கு முடிப்பதற்காகச் சில இரவுகள் கடையிலேயே நேரமாகிவிடும். அப்போது எல்லாம் குலைந்துவிடாதா?

உளவியல் ஆசிரியை

குலையாது ஐயா. நான் குறிப்பிட்ட அதே ஆய்வில், ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாகும் போக்கு குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கப்படவில்லை என்றே கண்டனர். தொடர்ந்து பல நாள் விடுவது வேறு. அந்த இரவுகளில் எவ்வளவு நேரமாகி வந்தாலும் கால் கழுவிக் கைப்பேசியை அலமாரியில் வைப்பதை மட்டும் விடாதீர்கள். நடையை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.