கவாய் தீவில் எதை உண்பது, எதை வாங்குவது?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்துடன் ஹவாயின் கவாய் தீவுக்குச் செல்கிறோம். நாங்கள் சைவ உணவினர் என்பதால், அங்கே உண்ணத்தக்கவை, வாங்கத்தக்கவை, காணத்தக்கவை எவை என்று கூற இயலுமா?

பதில் 1: ஹனலேய் பள்ளத்தாக்கில் நீர் கட்டிய வயல்களில் விளையும் சேப்பங்கிழங்கை வேகவைத்து மசித்துச் செய்யும் ‘போய்’ உங்களுக்கு உகந்தது, முதல் வாயிலேயே பிடித்துவிடும் என்று சொல்லமாட்டேன். அதே செடியின் இலையில் பொதிந்த ‘லாவ்லாவ்’ வேண்டாம், உள்ளே பெரும்பாலும் பன்றி இறைச்சிதான் இருக்கும்.

பதில் 2: நா பாலி கடலோர நடைபாதை தொடங்கும் ஹாஏனா பூங்காவுக்கு ஹவாயில் வசிக்காதோர் முன்பதிவு செய்தாக வேண்டும், அந்த முன்பதிவு 30 நாள்களுக்கு முன்பே திறக்கிறது. வைமேயா பள்ளத்தாக்கை மேகம் மூடுமுன் காலையிலேயே பாருங்கள்.

பதில் 3: வாங்குவதற்கு உள்ளூர்க் காப்பிக்கொட்டை போதும், நீஹாவ் தீவின் சிறுசங்கு மாலைகள் அழகானவை, விலைதான் மிக அதிகம். பெங்களூரில் செதுக்கிய கருங்கற்களால் எழுந்த ‘இறைவன்’ என்னும் சிவன் கோயிலும் கவாயில்தான் உள்ளது. பார்வை நேரத்தை முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்.