சிலிக்கா துகள்மேல் பாலி எத்திலீன் ஆக்சைடு: பிடி அவ்வளவு மெலிது என்றால், கழுவினாலும் ஏன் போவதில்லை?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். முதுநிலை வேதியியல் ஆய்வுத் திட்டத்துக்காக, 200 நானோமீட்டர் விட்டமுள்ள சிலிக்கா துகள்களை லிட்டருக்கு 10 கிராம் வீதம் நீரில் கலந்து, பி.எச். 6-இல் வைத்து, அவற்றின்மேல் பாலி எத்திலீன் ஆக்சைடு என்ற, நீரில் கரையும் நீளச் சங்கிலிப் பலபடி (பாலிமர்) படிவதை அளந்து வருகிறேன். மூலக்கூறு எடை 1 லட்சம் உள்ள மாதிரி ஒன்று, 40 லட்சம் உள்ளது மற்றொன்று. மேல்நீரில் (துகள்களைப் பிரித்த பின் மேலே நிற்கும் தெளிநீரில்) எஞ்சிய பலபடியை டானிக் அமிலம் சேர்த்து, தோன்றும் கலங்கலைக் கொண்டு கணக்கிடுகிறேன். கிடைத்த முடிவுகளில் மூன்று எனக்கு ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

1 லட்சம் மாதிரி படிந்த துகள்களை மையவிலக்கில் சுழற்றி, தூய நீரில் மூன்று முறை கழுவினேன். கழுவிய நீரில் பலபடி அநேகமாக இல்லை. ஆனால் சங்கிலியின் ஓர் அலகுக்கும் சிலிக்கா பரப்புக்கும் இடையிலான கவர்ச்சி, வெப்ப அசைவின் ஆற்றலை ஒட்டிய அளவுதான் என்று படித்திருக்கிறேன். அவ்வளவு மெலிந்த பிடி மூன்று கழுவலை எப்படித் தாங்குகிறது?

40 லட்சம் மாதிரியை லிட்டருக்கு 10 மில்லிகிராம் சேர்த்ததுமே துகள்கள் பஞ்சுபோல் திரண்டு அடியில் தங்கின. 150 மில்லிகிராம் வரை கூட்டிப் பார்த்தும் திரள் பிரியவில்லை. ஆனால் 150 மில்லிகிராம் கரைந்த நீருக்குள் துகள் கலவையை ஊற்றியபோது திரளவே இல்லை. இறுதி அளவுகள் ஒன்றாக இருந்தும் முடிவு ஏன் இரண்டாகிறது?

கடைசியாக, சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து பி.எச். 11-க்குக் கொண்டுசென்றபோது, கழுவலுக்கு அசையாத அதே 1 லட்சம் மாதிரி துகள்களை விட்டு விலகிவிட்டதுபோல் தெரிகிறது. துகள்களின் வெளிவிட்டம் உறையில்லாத துகளின் விட்டத்துக்குத் திரும்பிவிட்டது.

முதல் மறுமொழி

உங்கள் முதல் ஐயத்துக்கு விடை சங்கிலியின் நீளத்தில் இருக்கிறது. ஓர் அலகின் எடை 44 என்பதால், 1 லட்சம் எடையுள்ள சங்கிலியில் ஏறத்தாழ 2,270 அலகுகள் உள்ளன. அவற்றில் பத்தில் ஒன்று மட்டும் பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்றும், தொடுவதால் இழக்கும் சுதந்திரத்தைக் கழித்த பிறகு ஒவ்வொன்றுக்கும் எஞ்சும் ஆதாயம் வெப்ப ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குதான் என்றும் கொள்வோம். அப்படியும் முழுச் சங்கிலிக்கு வெப்ப ஆற்றலைப்போல் 45 மடங்கு ஆதாயம் சேர்கிறது. 45 மடங்கு என்றால், அத்தனை தொடுகைகளும் ஒரே நேரத்தில் விடுபடுவதற்கான வாய்ப்பு நடைமுறையில் இல்லை என்றே பொருள்.

தேர்வடத்தை நினைத்துப் பாருங்கள். நூறு பேர் பிடித்திருக்கும் வடத்தில் ஒருவர் கையை விட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி பிடிக்கலாம். எந்தக் கையும் நிலையாகப் பிடித்திருக்க வேண்டியதில்லை, ஆனால் வடம் தரையில் விழுவதில்லை. படிந்த சங்கிலியும் அப்படித்தான் இருக்கிறது. சில பகுதிகள் பரப்பில் ஒட்டிக் கிடக்கின்றன, அவற்றுக்கு இடையில் உள்ளவை வளையங்களாக நீருக்குள் வளைந்து நிற்கின்றன, இரு முனைகளும் வால்களாக வெளியே நீள்கின்றன. எந்த அலகு ஒட்டியிருக்கிறது என்பது நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கும்.

இந்தப் படிவை 'மீளாதது' என்று உங்கள் அறிக்கையில் எழுதிவிட வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் பலரும் செய்யும் பிழை அது. படிந்த அளவுக்கும் கரைசலில் உள்ள செறிவுக்கும் வரைபடம் வரைந்தால், கோடு தொடக்கத்தில் அச்சை ஒட்டிச் செங்குத்தாக ஏறி, பிறகு கிட்டத்தட்டக் கிடையாக ஓடும். பரப்பு ஏறக்குறைய நிறைந்திருக்கும்போதும் அதனோடு சமநிலையில் நிற்கும் செறிவு அளக்க முடியாத அளவுக்குச் சிறியது. மூன்று கழுவலால் அந்தச் செறிவுக்குக் கீழே போக முடியாது. ஆகவே கழுவல் என்பது இங்கே சரியான சோதனையே அன்று. சிலிக்காவை இதைவிட வலுவாகப் பற்றும் பாலிவினைல் பைரோலிடோன் என்ற வேறொரு பலபடியைச் சேர்த்துப் பாருங்கள்; பாலி எத்திலீன் ஆக்சைடு இடம்விட்டு மேல்நீருக்கு வந்து சேரும். ஒரே வகைப் பலபடியிலும், நீளச் சங்கிலி பிறகு வந்து குட்டைச் சங்கிலியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். காலி இடத்தைத் தாமாக விடாத சங்கிலிகள், மாற்று ஒன்று தொடுகை தொடுகையாக நுழையும்போது விட்டுக்கொடுக்கின்றன.

இரண்டாம் மறுமொழி

இரண்டாவது ஐயத்தை எண்ணிக்கையாக மாற்றினால் தெளிவாகிவிடும். 200 நானோமீட்டர் சிலிக்கா துகளின் பரப்பு, அடர்த்தியை 2.2 என்று கொண்டால், கிராமுக்கு ஏறத்தாழ 13.6 சதுர மீட்டர்; உங்கள் ஒரு லிட்டரில் 136 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு அரை மில்லிகிராம் படிவதாகக் கணக்கிட்டால், பரப்பு நிறைய 70 மில்லிகிராம் வேண்டும். நீங்கள் முதலில் இட்டதோ 10.

இனித் தலைகளை எண்ணுவோம். ஒரு லிட்டரில் சுமார் ஆயிரம் லட்சம் கோடி துகள்கள் உள்ளன. 40 லட்சம் எடையுள்ள பலபடி 10 மில்லிகிராமில் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு லட்சம் கோடி சங்கிலிகள் உள்ளன. அதாவது ஒரு துகளுக்கு ஒன்றரைச் சங்கிலிகூடக் கிடைக்கவில்லை! அந்தச் சங்கிலியின் சுழற்சி ஆரம் (சுருண்டு கிடக்கும் சங்கிலி எவ்வளவு பரவியிருக்கிறது என்பதன் அளவு) நீரில் 150 நானோமீட்டர், துகளின் ஆரமோ 100. துகளைவிடப் பெரிய சங்கிலி ஒரு துகளில் பற்றிக்கொண்டு, மீதி நீளத்தை வெளியே நீட்டி நிற்க, பக்கத்துத் துகளின் பரப்பு வெறுமையாக இருக்கிறது. நீண்ட முனை அதையும் பற்றுகிறது; துகள்களுக்கு இடையே பாலம் விழுகிறது. மில்லிமோலார் உப்புள்ள நீரில், ஒரே மின்னூட்டமுள்ள துகள்கள் ஒன்றையொன்று தள்ளும் மின்விலக்கம் துகளிலிருந்து 10 நானோமீட்டர் அளவுக்கே வலுவாக எட்டும் என்பதால், இவ்வளவு நீண்ட பாலத்தை அதனால் தடுக்க முடியாது. இதே 10 மில்லிகிராமை 1 லட்சம் மாதிரியில் இட்டிருந்தால் துகளுக்கு 55 சங்கிலிகள் வந்திருக்கும். ஆனால் அவற்றின் சுழற்சி ஆரம் 18 நானோமீட்டர்தான், இரு துகள்களின் மின்விலக்கத்தையும் கடந்து பாலம் போடுவது அவற்றுக்கு அரிது.

பிறகு 150 மில்லிகிராம் வரை கூட்டியது ஏன் உதவவில்லை என்றால், போடப்பட்ட பாலத்துக்கும் முதல் மறுமொழியில் சொன்ன நூறு கைகளின் கணக்கே பொருந்துகிறது. புதிதாக வரும் சங்கிலிகள் திரளின் வெளிப்பரப்பில்தான் படிகின்றன. பலபடி நிறைந்த நீருக்குள் துகள்களை ஊற்றும்போதோ, இரண்டு துகள்கள் ஒன்றையொன்று சந்திக்கும் முன்பே ஒவ்வொன்றும் முழுதாக உடுத்திக்கொண்டுவிடுகிறது. பற்ற வெற்றிடம் இல்லாததால் வளையங்களும் வால்களும் நெருக்கத்தை எதிர்த்துத் தள்ளுகின்றன. துகளைத் திரளாமல் காக்க வேண்டியவர் துகளைப் பலபடிக்குள் ஊற்ற வேண்டும். திரட்ட வேண்டியவர் பலபடியைச் சிறுகச் சிறுகத் துகளுக்குள் ஊற்ற வேண்டும்.

நம் கிணற்றடிகளில் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் இழைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்தவர்கள் இந்த இரண்டாவது முறையைத்தான் கையாண்டார்கள். அந்த விதையின் மாவுப்பொருளும் புரதமும் நீரில் கரையும் நீளச் சங்கிலிகள். மிகக் குறைந்த அளவு கரைந்து வந்து களிமண் துகள்களைத் தைக்கின்றன. திரளாமல் காக்கும் எதிர்ப்பக்கத்துக்குச் சான்றாக, வேதியியலாளர் ஜிக்மோண்டி 1901-இல் வகுத்த தங்க எண்ணைச் சொல்லலாம்: 10 மில்லிலிட்டர் சிவந்த தங்கக் கூழ்மத்தில் (நீரில் மிதக்கும் நுண்ணிய தங்கத் துகள்களில்) 10 விழுக்காடு உப்புக் கரைசலை 1 மில்லிலிட்டர் சேர்த்தாலும் துகள்கள் திரண்டு நிறம் நீலமாக மாறாதபடி காக்க எத்தனை மில்லிகிராம் பலபடி வேண்டும் என்பதே அது. ஜெலட்டினுக்கு 0.01-ஐ ஒட்டிய அளவே போதும். உருளைக்கிழங்கு மாவுக்கு 25 அளவில் வேண்டும். நீரில் கரைவது மட்டும் போதாது, பரப்பைப் பற்றவும் வேண்டும் என்பதை இந்த இடைவெளி காட்டுகிறது.

கேட்டவரின் தொடர்ச்சி

மிக்க நன்றி. துகளுக்கு ஒன்றரைச் சங்கிலி என்ற கணக்கை நான் ஒருபோதும் போட்டுப் பார்த்ததில்லை. மூன்றாவது ஐயம் மட்டும் நிற்கிறது. அதோடு ஒரு சிக்கல்: பி.எச். 11-இல் துகளின் விட்டம் குறைந்துவிட்டது, ஆனால் மேல்நீரில் டானிக் அமிலம் எந்தக் கலங்கலையும் காட்டவில்லை. பலபடி எங்கே போனது?

மூன்றாம் மறுமொழி

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. பாலி எத்திலீன் ஆக்சைடின் ஆக்சிஜன் அணுவால் ஹைட்ரஜன் பிணைப்பை ஏற்க மட்டுமே முடியும், கொடுக்க முடியாது. சிலிக்கா பரப்பில் ஹைட்ரஜனைக் கொடுப்பவை சிலனால் தொகுதிகள், அதாவது சிலிக்கான் அணுவோடு இணைந்த ஆக்சிஜன்-ஹைட்ரஜன் இணைகள். பி.எச். ஏற ஏற அவை ஹைட்ரஜனை இழந்து எதிர்மின்னூட்டம் பெறுகின்றன. 11-ஐ எட்டும்போது பிடிக்கத் தக்க இடங்கள் போதாமல் போகின்றன. இங்கே படிவு படிப்படியாகத் தேய்வதில்லை என்பது முக்கியம். பரப்பில் படுப்பதால் ஒவ்வோர் அலகும் இழக்கும் சுதந்திரத்தை ஈடுகட்டக் குறைந்தபட்சக் கவர்ச்சி ஒன்று தேவை. சராசரிக் கவர்ச்சி அதற்குக் கீழே இறங்கியதும் ஒவ்வொரு தொடுகையும் ஆதாயத்திலிருந்து நட்டத்துக்கு மாறுகிறது. நட்டமும் நூற்றுக்கணக்கில் பெருக்கப்படுவதால் முழுச் சங்கிலியும் கழன்றுவிடுகிறது. கழுவலுக்கு அசையாததைக் காரம் எளிதில் பெயர்த்தது அதனால்தான்.

டானிக் அமிலமும் பலபடியை இதே ஹைட்ரஜன் பிணைப்பால்தான் பிடித்துக் கலங்கலை உண்டாக்குகிறது. காரத்தில் அதன் பீனால் தொகுதிகளும் ஹைட்ரஜனை இழந்துவிடுவதால், பலபடி நீரில் இருந்தும் உங்கள் அளவீட்டுக்குத் தென்படவில்லை. துகள்களை மையவிலக்கால் முழுவதும் பிரித்த பிறகு, மேல்நீரை மட்டும் அமிலத்தால் பி.எச். 6-க்குக் கொண்டுவந்து அளந்து பாருங்கள். துகள்கள் இருக்கும்போதே அமிலம் சேர்த்தால் பலபடி மறுபடி அவற்றின்மேல் போய் அமர்ந்துவிடும். அத்துடன், பி.எச். 11-இல் சிலிக்காவே மெல்லக் கரையத் தொடங்கும். ஆகவே பலபடி சேர்க்காத துகள்களையும் அதே நேரம் அதே காரத்தில் வைத்து, அவற்றின் மேல்நீரைச் சுழியமாகக் கொண்டு அளவிடுங்கள்.