எம்ஜிபி ரிப்பேருக்கு எந்த ஸ்பேனர் செட்? (1965 மாடல், பெங்களூரு)

அல்சூர்:
1965 எம்ஜிபி ரோட்ஸ்டர் (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), வயர் வீல். கையில் இருப்பது 8 முதல் 24 வரை மெட்ரிக் ரிங் செட். டைனமோ போல்ட்டில் 12 ஏறவில்லை, 13 ஆடுகிறது, மூலை மழுங்க ஆரம்பித்துவிட்டது. ஏ/எஃப் (நட்டுத் தலையின் எதிரெதிர் பக்க அகலம், இன்ச்சில்) மட்டும் போதுமா, விட்வொர்த்தும் (பழைய பிரிட்டிஷ் அளவு) வேண்டுமா? டாப்பெட் (வால்வ் இடைவெளி), வீல், கரண்ட் வேலைக்குத் தனியாக என்ன வேண்டும்? எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் என்ன கேட்டு வாங்குவது?

பி சீரீஸ்:
விட்வொர்த் வேண்டாம் சார். எம்ஜிபி வந்தது 1962-இல்; அதற்குள் அதைச் செய்த பிஎம்சி கம்பெனி யூஎன்எஃப் (இன்ச் அளவு நுண்) மரைக்கு மாறிவிட்டது. அடிக்கடி தேவைப்படுவது 7/16, 1/2, 9/16. மில்லிமீட்டரில் 11.11, 12.70, 14.29. உங்கள் டைனமோ போல்ட் 1/2; அதில் 13 போட்டால் 0.3 மி.மீ. இடைவெளி விழும், விசை முழுக்க மூலையில் இறங்கும். 3/4-க்கு 19 பெரும்பாலும் சேரும், 5/8-க்கு 16 சமாளிக்கும். மற்றதில் மெட்ரிக்கைத் தொடவே வேண்டாம்.

கடையில் "இன்ச் செட்" என்று மட்டும் கேட்காதீர்கள். ஸ்பேனரில் ஏ/எஃப் என்று அடித்திருக்கிறதா பாருங்கள். விட்வொர்த் ஸ்பேனரில் இருக்கும் எண் போல்ட்டின் தடிமன், தலையின் அளவு அல்ல. 1/4 விட்வொர்த்தின் வாய் 13.3 மி.மீ., உங்கள் 1/2 நட்டில் அதுவும் லூசாகத்தான் நிற்கும். துருப்பிடித்த நட்டுக்கு ஆறுமுனை சாக்கெட் வாங்குங்கள், பன்னிரண்டு முனை வழுக்கும்.

இதைவிட முக்கியம் மரை. முன்பு யாராவது 5/16 யூஎன்எஃப் ஓட்டையில் எட்டு எம்எம் போல்ட்டை முறுக்கியிருக்கலாம். தடிமன் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் மரை இடைவெளி 1.06 மி.மீ.-க்குப் பதில் 1.25; இரண்டு சுற்று ஏறி இறுகும், அதன் பிறகு பலம் கொடுத்தால் ஓட்டையே போய்விடும். மரை கேஜ் ஒன்று, 1/4-28, 5/16-24, 3/8-24 அளவில் மரை வெட்டும் டேப் மூன்று, இவை ஸ்பேனருக்கு முன்னால் வாங்க வேண்டியவை.

டாப்பெட்டுக்கு ஃபீலர் கேஜ், 1/2 ரிங், ஸ்க்ரூ டிரைவர். இன்ஜின் ஆறியபின் இடைவெளி 0.015 இன்ச் (0.38 மி.மீ.). எட்டாம் வால்வ் முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாம் வால்வைச் சரிசெய்யுங்கள், ஏழு திறந்திருந்தால் இரண்டு. இரண்டு எண்ணையும் கூட்டினால் ஒன்பது வரவேண்டும்.

பழைய அம்பாஸடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் எம்ஜிபி இன்ஜினின் அதே பி சீரீஸ் குடும்பம். அதில் கைபழகிய மெக்கானிக் பட்டறையில் இந்த அளவுகள் எல்லாம் இருக்கும், ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பிரேசர் டவுன்:
கரண்ட் பக்கம் தனி உலகம். லூகாஸ் கம்பெனி மின் சாமான்களின் சின்ன நட்டுகள் பிஏ மரை (சின்ன ஸ்க்ரூக்களுக்கான பழைய பிரிட்டிஷ் அளவு). 2 பிஏ-வில் எம்5 ஸ்க்ரூவைத் திணித்தால் மரை உரிந்துவிடும். 2 பிஏ, 4 பிஏ ஸ்பேனர் தனியாக வாங்குங்கள்.

உங்கள் வண்டிக்கு பாசிட்டிவ் எர்த், சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி. டைமிங் லைட்டின் கருப்பு கிளிப்பைப் பழக்கத்தில் பாடியில் மாட்டாதீர்கள், அங்கே இருப்பது பாசிட்டிவ்.

வீலுக்குச் செம்பு அல்லது தோல் முகச் சுத்தி. இரும்புச் சுத்தி ஸ்பின்னரின் (வீலைப் பிடிக்கும் நடு நட்டு) காதைக் கெடுக்கும். கழற்ற, மேல்பக்கம் வண்டியின் முன்னோக்கிப் போகும்படி அடியுங்கள்: இடது பக்கம் எதிர்க்கடிகாரம், வலது பக்கம் கடிகாரத் திசை. இது மாறியிருந்தால் ஹப்கள் இடம் மாறியிருக்கின்றன என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் ஸ்பின்னர் தானே கழன்றுவிடும். முதல் வேலையாக இதைப் பாருங்கள்.

அல்சூர்:
நான்கு பக்கமும் பார்த்தேன், சரியாக இருக்கிறது. சிலிண்டர் ஹெட் நட்டுக்கு டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) எவ்வளவு?

பி சீரீஸ்:
50 பவுண்டு-அடி, அதாவது 68 நியூட்டன் மீட்டர். நடுவிலிருந்து வெளியே, மூன்று தடவையாக ஏற்றுங்கள்.