மறு: மெட்டாலிசிட்டி – ‘உலோகத்தன்மை’ சரிவருமா?

அக்கா, வணக்கம். விண்மீனில் கனமான தனிமங்கள் எவ்வளவு என்பதைக் குறிக்கும் ‘மெட்டாலிசிட்டி’க்கு நம் கலைச்சொல் பட்டியலில் ‘உலோகத்தன்மை’ என்று வைக்கலாமா என்பதுதான் கேள்வி.

‘உலோகத்தன்மை’ என்றதும் பளபளப்பும் மின்கடத்தலும்தான் நினைவுக்கு வரும். வானியலார் கணக்கிலோ ஹீலியத்தைவிடக் கனமான எல்லாமே உலோகம், கார்பனும் ஆக்சிஜனும் உட்பட. சிங்கப்பூரில் பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். தமிழ்ச்சொல்லை முதன்முறை பார்க்கும்போதே பொருள் பிடிபட வேண்டும். அதனால் ‘உலோகச் செறிவு’ என்கிறேன். சூரியனின் நிறையில் இது ஏறத்தாழ 1.5 விழுக்காடு.

ஆனால் ஆய்வு அட்டவணைகளில் பெரும்பாலும் இருப்பது வேறோர் எண். விண்மீனின் இரும்பு–ஹைட்ரஜன் அணு விகிதத்தைச் சூரியனின் விகிதத்தால் வகுத்து, பத்தின் அடியில் மடக்கை (log) எடுத்தது. சூரியனுக்கு 0. துலாம் மண்டலத்தின் எச்டி 140283 விண்மீனுக்கு ஏறத்தாழ −2.4, அதாவது சூரியனில் உள்ளதில் 250இல் ஒரு பங்கு இரும்பு. செறிவு பூச்சியத்துக்குக் கீழே போகாதே! இதற்கு ‘இரும்பு மடக்கை’ என்று தனிச்சொல் வைக்கலாமா?

---

தம்பி, இரண்டாகப் பிரிப்பது மிகச் சரி. ‘இரும்பு மடக்கை’யில் சூரியன் விடுபடுகிறது, முதல் இடத்தில் ‘சூரிய ஒப்பு இரும்பு மடக்கை’ என்று முழுதாக எழுதிவிட்டுப் பிறகு சுருக்குங்கள்.

விளக்கக் குறிப்பில் ஒன்றை அவசியம் சேருங்கள்: விண்மீன் ஒளியை நிறங்களாகப் பிரித்த நிறமாலையில் ஒரு தனிமத்தின் கோடு கருத்திருந்தால் அந்தத் தனிமம் மிகுதி என்று பொருளில்லை. ஏறத்தாழ 9,600 கெல்வின் வெப்பமுள்ள வேகா விண்மீனில் ஹைட்ரஜன் கோடுகள் அழுத்தமாக விழும். 5,770 கெல்வின் சூரியனில் மெலிந்திருக்கும். இரண்டிலுமே ஹைட்ரஜன்தான் பெரும்பகுதி. கோட்டின் அழுத்தத்தைப் பெரிதும் தீர்மானிப்பது வெப்பநிலையே என்று 1925இல் வானியலாளர் சிசிலியா பெய்ன் காட்டினார். கோடுகளை வைத்து விண்மீன்களைப் பிரிக்கும் நிறமாலை வகை முதலில் சொல்வது வெப்பநிலையை; தனிம அளவு அதன் பிறகே.

இரும்பை ஏன் எடுக்கிறோம் என்பதும் வேண்டும். கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் அதற்குக் கோடுகள் ஏராளம். நிகர் அகலம் (கோடு விழுங்கிய ஒளியின் அளவு) 10 முதல் 100 மில்லி ஆங்ஸ்ட்ராம் (அலைநீளத்தின் மிகச்சிறு அலகு) வரை உள்ள மெல்லிய கோடுகளே நம்பகமானவை. சோடியத்தின் இரட்டைக் கோடு போன்ற தடித்தவை நிறைவுற்றுவிடும். அணுக்கள் இரட்டித்தாலும் அகலம் அவ்வளவாக ஏறாது. மெல்லிய கோட்டுக்கும் ஓர் ஆபத்து உண்டு: கோடுகளுக்கு இடையே உள்ள தொடர் ஒளியின் மட்டத்தை 1 விழுக்காடு தாழ்த்தி வரைந்தாலே அதன் பரப்பில் கணிசமான பகுதி போய்விடும், இரும்பு குறைவாகத் தெரியும். நடுநிலை இரும்பின் கோடுகளும் அயனி (எலக்ட்ரானை இழந்த) இரும்பின் கோடுகளும் ஒரே இரும்பு அளவைத் தராவிட்டால், முதலில் கணக்கில் கொண்ட வெப்பநிலையையும் விண்மீனின் மேற்பரப்பு ஈர்ப்பையும் திருத்த வேண்டும்.

‘இரும்பு மடக்கை’க்கு இன்னொரு வசதி: ‘மெக்னீசிய மடக்கை’, ‘கால்சிய மடக்கை’ எனத் தடையின்றி நீளும். மறுப்பில்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடுங்கள்.